வளவு வீட்டில் வாசிக்க முதல் கிட்டார் ஆம்ப்: எத்தனை வாட் வாங்கலாம்?

கேள்வி: பாளை வளவுக்காரர்

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் பழைய வளவு ஒன்றில் குடியிருக்கிறோம். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் நடுநிலைப் பள்ளிக் காலத்திலிருந்தே சாதாரண மரக் கிட்டாரில் பழகி வந்தவள். அண்மையில் அவளுடைய பெரிய மாமா எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறார். அதில் இரண்டு ஹம்பக்கர் பிக்கப்புகள் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் இரட்டைச் சுருள்கள்) இருக்கின்றன. ஆம்ப், அதாவது கிட்டாரின் ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டி, இல்லாமல் வாசித்தால் வாசிப்பவளுக்கே ஒலி சரியாகக் கேட்பதில்லை என்பதால், அடுத்த மாதத்துக்குள் ஓர் ஆம்ப் வாங்கித் தர வேண்டும்.

எங்கள் நிலைமை இது. வளவில் எங்கள் வீட்டுச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர்; பட்டாசலில் டி.வி. ஓடினால் பக்கத்து வீட்டு ஆச்சிக்கு நாடகத்தின் கதை முழுவதும் தெரிந்துவிடும். பள்ளியும் டியூஷனும் முடிந்து மகள் வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகிவிடுவதால், வாசிக்க நேரம் கிடைப்பதே அதற்குப் பிறகுதான். இதற்கிடையே, எங்கள் ஆலயத்தின் வாலிபர் பாடல் குழுவில் அவளைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். டிசம்பரில் கீத ஆராதனைக்கு அவள் வாசிக்க வேண்டியிருக்கும்.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் விசாரித்தபோது, வீட்டுக்கும் மேடைக்கும் சேர்த்து நாற்பது வாட் வாங்கிவிட்டால் வாழ்நாளுக்கும் கவலையில்லை என்றார்கள். வீட்டில் இருக்கும் ஹோம் தியேட்டரிலேயே செருகி வாசிக்கலாம், தனி ஆம்ப் எதற்கு என்கிறார் என் தம்பி. அமெரிக்காவில் இருக்கும் சின்ன மைத்துனர், தான் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் வால்வு ஆம்பை (பழைய ரேடியோக்களில் இருந்தது போன்ற கண்ணாடிக் குழல் வால்வுகளில் இயங்குவது) ஊருக்கு வரும்போது கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். எங்களால் செலவழிக்க முடிவது ஏறத்தாழ பத்தாயிரம் ரூபாய். அவசியம் என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். விவரம் தெரிந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில்: வண்ணார்பேட்டை மைக்செட்

அண்ணாச்சி, வணக்கம். கிட்டார் எனக்கு வாசிக்கத் தெரியாது; ஆனால் கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று மைக்செட் கட்டுவதே தொழில் என்பதால், வாட்டும் ஸ்பீக்கரும் எனக்கு அன்றாடப் பிழைப்பு. அந்த அளவில் சொல்கிறேன்.

நாற்பது வாட் என்றால் பத்து வாட்டைப் போல நான்கு மடங்கு சத்தம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நம் காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. வாட் இரட்டிப்பானால் சத்தம் கூடுவது 3 டெசிபெல்தான். அது காதுக்கு ‘கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்று தெரியும் அளவு, அவ்வளவே. காதுக்கு இரண்டு மடங்கு என்று தோன்ற வேண்டுமானால் 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். அதாவது பத்து வாட் ஆம்பை விட இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க நூறு வாட் தேவைப்படும். இந்தக் கணக்கில், கடைக்காரர் சொன்ன நாற்பது வாட்டுக்கும் பத்து வாட்டுக்கும் உள்ள இடைவெளி 6 டெசிபெல் மட்டுமே.

அதைவிட முக்கியமானது ஸ்பீக்கர். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் தருகிறது என்று ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஓர் அளவு உண்டு. கொடை விழாவில் தென்னை மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் நூறு டெசிபெலுக்கு மேல் தருவது. அதனால்தான் சிறிய ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு நான் வில்லுப்பாட்டை அடுத்த ஊர் வரை அனுப்ப முடிகிறது. கிட்டார் ஆம்பிலும் இதே கதைதான். 90 டெசிபெல் ஸ்பீக்கர் போட்ட இருபது வாட் ஆம்பை விட, 96 டெசிபெல் ஸ்பீக்கர் போட்ட பத்து வாட் ஆம்ப் சத்தமாகக் கேட்கும். அட்டைப் பெட்டியின் மேல் வாட்டைத்தான் பெரிய எழுத்தில் அச்சிடுவார்கள். ஸ்பீக்கரின் இந்த அளவை எங்கும் போட மாட்டார்கள்.

உங்கள் வளவுக்கு இந்தக் கணக்கைப் பொருத்திப் பாருங்கள். சாதாரணப் பேச்சு 60 டெசிபெல் அளவில் இருக்கும். 90 டெசிபெல் ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் போனாலே, ஒரு மீட்டரில் நிற்பவர் பேசுவதற்குக் குரலை உயர்த்த வேண்டியிருக்கும். இரவு எட்டு மணிக்கு மேல் உங்கள் மகள் பயன்படுத்தப்போவது அரை வாட்டுக்கும் கீழேதான். நாற்பது வாட் ஆம்பில் அந்த அரை வாட், வால்யூம் திருகின் முதல் கோட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். கொஞ்சம் திருப்பினால் ஒன்றும் கேட்காது, இன்னும் கொஞ்சம் திருப்பினால் வளவு முழுவதும் எழுந்துவிடும். ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி ‘எவ்வளவு சத்தம் வரும்’ என்பதன்று, ‘குறைந்த சத்தத்தில் எப்படி ஒலிக்கும்’ என்பதுதான்.

அடுத்து ஹோம் தியேட்டர். செருகினால் ஒலி வரும். ஆனால் மூடிவைத்த பானைக்குள்ளிருந்து வருவதுபோல மந்தமாக வரும் என்று முன்பே சொல்லிவிடுகிறேன். கிட்டார் பிக்கப் என்பது காந்தத்தின் மேல் ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய மெல்லிய கம்பி. அதிலிருந்து வரும் மின்னோட்டம் மிகச் சொற்பம். கிட்டார் ஆம்பின் வாசல் ஒரு மெகா ஓம் அளவு இம்பீடன்ஸ் (மின் தடை) உடையதாக இருப்பதால், அது பிக்கப்பிலிருந்து அநேகமாக எதையும் இழுக்காமலே சிக்னலை வாங்கிக்கொள்கிறது. ஹோம் தியேட்டரில் வெளிக்கருவிகளைச் செருகும் ஆக்ஸ் வாசல் சில பத்து கிலோ ஓம்தான். அது அதிகமாக இழுப்பதால் பிக்கப்பின் ட்ரெபிள் (கூர்மையான மேல் ஒலி) முழுவதும் அங்கேயே செத்துவிடுகிறது. மைக்குக்கான வாசல் அதைவிடவும் மோசம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. கிட்டார் ஆம்பில் இருக்கும் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலிப்பதைத் தானாகவே விட்டுவிடும். ஹோம் தியேட்டரில் மேல் ஒலிக்கென்று இருக்கும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் 20 கிலோஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் கொட்டும். சுத்தமான ஒலியில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டவுடன் தகரத்தை அறுப்பது போன்ற இரைச்சல் வரும். தம்பி சொன்னதை ஒரு நாள் செய்து பாருங்கள், வால்யூம் குறைவாக இருந்தால் எதுவும் கெட்டுப்போகாது. ஆனால் பழகுவதற்கு அது சரிப்படாது.


பதில்: அம்பை ஆறுகம்பி

மைக்செட் அண்ணாச்சி சொன்ன வாட் கணக்கு முழுவதும் சரி. அம்பாசமுத்திரத்தில் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில், எந்த வகை வாங்கலாம் என்பதைச் சொல்கிறேன். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால், ஆம்பின் பெயரை மட்டும் தருகிறேன். விலையைக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மிகச் சிறியது, கிட்டாரின் ஜாக்கிலேயே நேராகச் செருகி ஹெட்போனில் மட்டும் கேட்கும் வகை. வாக்ஸ் ஆம்ப்ளக் இப்படிப்பட்டது. இரண்டு சிறிய ட்ரிபிள்-ஏ பேட்டரி போதும். வளவுக்கு இதைவிட அமைதியான வழி இல்லை என்றாலும், இதை மட்டும் வாங்கி நிறுத்திக்கொள்ள நான் பரிந்துரைக்க மாட்டேன். எப்போதும் ஹெட்போனிலேயே பழகுகிற பிள்ளைகள், நான்கு பேர் நடுவே வாசிக்க உட்காரும்போது தங்கள் ஒலி எங்கே போகிறது என்று தெரியாமல் தடுமாறுகிறார்கள். காதுக்குள் வரும் ஒலி வேறு, அறையில் பரவித் திரும்பி வரும் ஒலி வேறு.

அதற்கு அடுத்தது மேசை மேல் வைக்கும் சிறு பெட்டி. போஸ் கட்டானா மினி ஏழு வாட், நான்கு அங்குல ஸ்பீக்கர், ஆறு டபுள்-ஏ பேட்டரியில் ஓடும். மின்வெட்டு நேரத்திலும் வாசிக்கலாம் என்பது நம் பக்கத்தில் சிறிய வசதி அன்று. அதற்கு அடாப்டர் பெட்டியோடு வராது, தனியாக வாங்க வேண்டும். அப்படி வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: ஒலியை மாற்ற காலால் மிதிக்கும் கிட்டார் பெடல்களுக்கும் இந்த வகை ஆம்புகளுக்கும் வரும் 9 வோல்ட் அடாப்டரில் நடுப்பின் நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் மற்ற அடாப்டர்களில் பெரும்பாலும் நடுப்பின் பாசிட்டிவ். வோல்ட் ஒன்றாக இருக்கிறதே என்று மாற்றிச் செருகினால் கருவி போய்விடக்கூடும்.

மூன்றாவது, பத்து வாட் அளவிலான எளிய ஆம்ப். ஃபெண்டர் ஃப்ரண்ட்மேன் 10ஜி, ஆரஞ்ச் க்ரஷ் 12 ஆகியவை இந்த வகை. இரண்டிலும் ஆறு அங்குல ஸ்பீக்கர்தான். திருகுகள் குறைவு, குழப்பமும் குறைவு. ஃப்ரண்ட்மேனில் பாட்டை ஓடவிட்டுக்கொண்டே வாசிக்க ஆக்ஸ் வாசல் உண்டு.

நான்காவது, பல ஆம்புகளின் ஒலியைக் கணினி முறையில் போலச் செய்யும் மாடலிங் வகை. ஃபெண்டர் மஸ்டாங் எல்டி25 இருபத்தைந்து வாட், எட்டு அங்குல ஸ்பீக்கர். போஸ் கட்டானா 50 பன்னிரண்டு அங்குலம். அதில் ஐம்பது வாட்டை இருபத்தைந்துக்கும் அரை வாட்டுக்கும் இறக்க ஒரு சுவிட்ச் இருக்கிறது. அண்ணாச்சி சொன்ன அரை வாட் கணக்குக்கு நேரடியாகப் பதில் சொல்லும் சுவிட்ச் அது என்றாலும், உங்கள் பத்தாயிரத்துக்குள் அது அடங்காது; எடையும் பன்னிரண்டு கிலோவை நெருங்கும்.

உங்கள் மகளுக்கு என் முதல் தேர்வு மாடலிங் வகையில் எட்டு அங்குல ஸ்பீக்கர் உள்ள ஒன்று. கூட்டிச் செலவழிக்க முடியாவிட்டால் கட்டானா மினி. ஸ்பீக்கரின் அளவை ஏன் சொல்கிறேன் என்றால், கிட்டாரின் தடித்த ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸில் ஒலிப்பது; மூன்று, நான்கு அங்குல ஸ்பீக்கரால் அந்தக் கீழ்ச்சுரத்தை முழுமையாகத் தர முடியாது. மரக் கிட்டாரின் வயிற்றிலிருந்து வரும் ஆழத்தைக் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு அந்தக் குறை உடனே தெரியும்.

எந்த ஆம்ப் என்றாலும் ஹெட்போன் வாசலைக் கடையிலேயே சோதித்துவிடுங்கள். நல்ல ஆம்பில் ஹெட்போன் செருகும்போது, மேலே சொன்ன 5 கிலோஹெர்ட்ஸ் வடிகட்டலை உள்ளேயே செய்துதான் ஒலியை அனுப்புவார்கள். அப்படிச் செய்யாத மலிவு ஆம்பில், ஸ்பீக்கரில் இனிமையாக இருக்கும் டிஸ்டார்ஷன் ஹெட்போனில் காதைக் கிழிக்கும். நீங்கள் இரவில்தான் கொடுத்த பணத்துக்குப் பயன் காணப்போகிறீர்கள் என்பதால், இந்த ஒரு சோதனை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மரக் கிட்டாரிலிருந்து வரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே டிஸ்டார்ஷனை முழுவதும் திருப்பிவைத்துவிட்டு, ‘கை கெட்டுப்போயிற்றா’ என்று கேட்பார்கள். கை கெடவில்லை. மரக் கிட்டாரில் தொடாத கம்பி லேசாக அதிர்ந்தாலும் யாருக்கும் கேட்காது. டிஸ்டார்ஷனில் அந்தச் சிறு அதிர்வும் பெரிதாகிவிடும். வாசிக்காத கம்பிகளை வலது உள்ளங்கையின் ஓரத்தாலும் இடது விரல்களின் அடிப்பக்கத்தாலும் அமர்த்தப் பழக வேண்டும். முதல் சில மாதம் சுத்தமான ஒலியிலேயே வாசிக்கட்டும். மாடலிங் ஆம்பில் இருக்கும் முப்பது வகை ஒலியும் ஓடிப்போய்விடாது.


பதில்: வண்ணார்பேட்டை மைக்செட்

ஆறுகம்பி தம்பி சொல்வதில் ஓர் இடத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். மாடலிங் ஆம்ப் பழுதானால் அதன் போர்டை நம் ஊர் ரேடியோ மெக்கானிக் தொட மாட்டார். முழு போர்டையும் மாற்ற வேண்டும், அதுவும் கிடைத்தால். எளிய பத்து வாட் ஆம்பில் போவதெல்லாம் ஜாக், வால்யூம் திருகு, பியூஸ், சாலிடர் விட்டுப்போன கம்பி ஆகியவைதான்; ஒரு மதியத்தில் சரிசெய்துவிடலாம். பல ஆண்டுகள் ஓட வேண்டும் என்று நினைப்பவர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.


பதில்: அம்பை ஆறுகம்பி

ஒப்புக்கொள்கிறேன் அண்ணாச்சி. ஆனால் வீட்டை விட்டு வெளியே போகாத ஆம்ப் அவ்வளவு எளிதில் பழுதாவதில்லை. உத்தரவாதக் காலமும் இருக்கிறது. மேடை மேடையாகத் தூக்கிப்போகும் ஆம்ப் என்றால் நானும் எளியதையே சொல்லியிருப்பேன்.


கேள்வி கேட்டவர்: பாளை வளவுக்காரர்

இருவருக்கும் மிக்க நன்றி. நாற்பது வாட் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டோம். மூன்று சந்தேகங்கள் மிச்சமிருக்கின்றன. வீட்டுக்கு இவ்வளவு சிறியது போதும் என்றால் ஆலயத்தில் என்ன செய்வது? மகள் படிக்கும் அறையில் பழைய இரண்டு பின் பிளக்பாயின்ட் மட்டுமே இருக்கிறது. மூன்று பின் பிளக்கை ஓர் அடாப்டர் வைத்துச் செருகிக்கொள்ளலாமா? மைத்துனரின் வால்வு ஆம்பைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே?


பதில்: உவரிக்காரி

ஆலயத்தைப் பற்றி நான் சொல்கிறேன், அண்ணே. எங்கள் ஊர்க் கோயிலில் திருவிழாத் திருப்பலிகளுக்குப் பாடற்குழுவோடு கிட்டார் வாசிக்கிறேன். ஆலயத்துக்கென்று பெரிய ஆம்ப் வாங்கவே வேண்டாம். பாடுபவர்களின் மைக், கீபோர்டு எல்லாம் போய்ச் சேரும் மிக்ஸர் அங்கே ஏற்கெனவே இருக்கும். சபையாருக்குக் கேட்க வைப்பது அதன் வேலை. கிட்டாரின் ஒலியை அந்த மிக்ஸருக்குக் கொண்டுபோவது மட்டுமே உங்கள் மகளின் வேலை.

அதற்கு இரண்டு வழி உண்டு. சிறிய ஆம்பை நாற்காலி மேல் வைத்து, பாட்டுக்குப் பயன்படுத்தும் சாதாரண டைனமிக் மைக் ஒன்றை அதன் ஸ்பீக்கரை ஒட்டி நிறுத்திவிடலாம். ஷூர் எஸ்எம்57 இந்த வேலைக்கென்றே பெயர் பெற்றது. ஆலயத்தில் இருக்கப்போவது பெரும்பாலும் அதன் உடன்பிறப்பான எஸ்எம்58 வகை, அதுவும் போதும். ஸ்பீக்கரின் நட்டநடுவில் மைக்கை வைத்தால் ஒலி கூர்மையாக வரும். நடுவிலிருந்து சற்று விளிம்பு நோக்கி நகர்த்தினால் மென்மையாகும். மற்றொரு வழி, ஆம்பின் ரெக்கார்டிங் வாசலிலிருந்தோ ஹெட்போன் வாசலிலிருந்தோ மிக்ஸரின் லைன் வாசலுக்குக் கேபிள் போடுவது. கட்டானா மினியில் இரண்டுக்கும் ஒரே ஜாக்தான். அதில் செருகினால் ஸ்பீக்கர் நின்றுவிடும் என்பதால், மகளுக்குத் தன் வாசிப்பு கேட்க மானிட்டர் ஸ்பீக்கர் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்கு மைக் வைக்கும் வழியே பிடிக்கும். மிக்ஸரில் இருப்பவர் புதியவராக இருந்தாலும் அதில் தவறு நேர இடம் குறைவு.

ஆம்பைத் தரையில் வைக்க வேண்டாம். தரையில் இருந்தால் ஒலி முழங்காலுக்குப் போகும்; வாசிப்பவருக்குக் கேட்காததால் வால்யூமைக் கூட்டுவார், முன் வரிசையில் இருப்பவர்கள் காதைப் பொத்துவார்கள். சற்று அண்ணாந்தபடி சாய்த்துவைத்தால் பாதி வால்யூம் போதும். உயரமான கூரையுள்ள ஆலயங்களில் எதிரொலி தானாகவே இருப்பதால், வீட்டில் இனிமையாக இருந்த ரிவெர்ப் அங்கே எல்லாவற்றையும் குழப்பிவிடும். ரிவெர்ப்பை முழுவதும் அணைத்து, பேஸ் என்ற கீழ்ச்சுர அளவையும் குறைத்துவிடச் சொல்லுங்கள். வீட்டில் தனியாக வாசிக்கும்போது மெலிந்து கேட்கும் ஒலிதான், கீபோர்டும் ஆண்குரல்களும் சேரும்போது சரியாகப் பொருந்தும்.

எங்கள் கடற்கரைப் பக்கத்தில் ஆம்புக்கு முதல் எதிரி உப்புக்காற்று. ஜாக்கும் திருகுகளும் பச்சை பிடித்து, திருப்பும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் போடும். எலக்ட்ரானிக் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை ஓரிரு சொட்டு விட்டுத் திருகைச் சில முறை முழுவதும் திருப்பினால் பெரும்பாலும் போய்விடும். பாளையில் உங்களுக்கு இந்தத் தொல்லை இராது என்றாலும், உவரி, இடிந்தகரைப் பக்கத்திலிருந்து இதைப் படிப்பவர்களுக்குப் பயன்படும்.


பதில்: பேட்டை எலக்ட்ரீஷியன்

இரண்டு பின் அடாப்டர் வேண்டவே வேண்டாம், ஐயா. மூன்று பின் பிளக்கில் தடித்து நீண்டிருக்கும் பின்தான் எர்த். கிட்டாரின் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்பின் உலோக உடலோடு இணைந்திருக்கின்றன. உள்ளே எங்காவது கசிவு ஏற்பட்டால் அது எர்த் வழியே இறங்கிவிட வேண்டும். எர்த் இல்லாவிட்டால், அதே மின்சாரம் கம்பியைப் பிடித்திருக்கும் கைக்கு வரும். தனியாக உட்கார்ந்து வாசிக்கும்போது தெரியாமலே இருக்கலாம். ஆலயத்தில் கிட்டாரைப் பிடித்துக்கொண்டே, வேறொரு போர்டிலிருந்து எர்த் ஆகியிருக்கும் மைக்கில் உதடு படும்போதுதான் ஆபத்து. ஆகையால் கிட்டார் ஆம்பும் மிக்ஸரும் ஒரே போர்டிலிருந்து மின்சாரம் எடுப்பது நல்லது.

பழைய வளவு வீடுகளில் மூன்று துளை உள்ள பாயின்ட் இருந்தாலும், எர்த் துளைக்குப் பின்னால் வயரே இல்லாமல் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உள்ளூர் எலக்ட்ரீஷியனை அழைத்து, மின்சாரம் வரும் ஃபேஸ் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் எரிவது போலவே பளிச்சென்று எரிந்தால் எர்த் இருக்கிறது. மங்கினால் எர்த் பலவீனம். எரியவே இல்லை என்றால் எர்த் இல்லை. மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியரில் விழும் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டால் தானாக விழும் சுவிட்ச்) இருந்தால் அப்போதே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதுவும் நல்ல செய்திதான். இந்த வேலை முடியும் வரை பேட்டரியில் ஓடும் ஆம்பை வைத்துப் பழகட்டும்.

இன்வெர்ட்டரைப் பற்றியும் ஒரு வரி. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது ஆம்ப் விர்ரென்று இரைந்தால் ஆம்பைக் குறை சொல்ல வேண்டாம். சைன் வேவ் இன்வெர்ட்டரில் அந்த இரைச்சல் அநேகமாக இராது. மின்விசிறியின் ரெகுலேட்டரும் இதே வேலையைச் செய்யும். உங்கள் கிட்டாரில் இருப்பது ஹம்பக்கர் என்பதால் இந்தத் தொல்லை பெரிதும் குறைவு. ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இயங்கும் இரண்டு சுருள்கள் சேர்ந்து வெளி இரைச்சலை அழித்துவிடுவதுதான் அதன் வேலை.

மைத்துனரின் ஆம்புக்கு வருகிறேன். அதன் பின்பக்கத் தகட்டில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் அச்சிட்டிருந்தால், அதை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகக் கூடாது. பியூஸ் போவதோடு நின்றால் அதிர்ஷ்டம், டிரான்ஸ்பார்மர் எரிந்துவிடவும் கூடும். பின் வடிவத்தை மாற்றும் டிராவல் அடாப்டர் வோல்ட்டை மாற்றாது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் தனியாக வேண்டும். அதுவும் ஆம்பில் எழுதியிருக்கும் வாட் செலவைவிடத் தாராளமான கொள்ளளவு உடையதாக, எர்த் வயரை அறுக்காமல் கொண்டுசெல்வதாக இருக்க வேண்டும். சில ஆம்புகளில் வோல்ட் மாற்றும் சுவிட்ச் இருக்கும். மைத்துனரிடம் அந்தத் தகட்டைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொன்னால் இது தெளிவாகிவிடும்.

வோல்ட் சரியாக இருந்தாலும், வால்வு ஆம்பை இந்த வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். வால்வு ஆம்புகளில் பெரும்பாலானவற்றில் ஹெட்போன் வாசல் இல்லை. அவை நன்றாக ஒலிப்பதும் வால்யூமைக் கூட்டிய பிறகுதான். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஓடவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும் என்பதால், சத்தத்தைத் தவிர்க்க அந்த வழியும் இல்லை. உள்ளே இருக்கும் கபாசிட்டர்களில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் முந்நூறு, நானூறு வோல்ட் தங்கியிருக்கக்கூடும். விவரம் தெரியாமல் மூடியைத் திறப்பவருக்கு அது உயிராபத்து. மகள் பெரியவளாகித் தனி வீட்டில் வாசிக்கும் காலத்தில் மைத்துனரின் ஆம்பை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளலாம்.


பதில்: அம்பை ஆறுகம்பி

வால்வில்தான் உண்மையான ஒலி இருக்கிறது என்று யாராவது இங்கே எழுத வருவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். ரோலண்டின் ஜேசி-120 என்ற ஆம்ப் 1975-இல் வந்தது. அதில் ஒரு வால்வுகூட இல்லை. அதன் சுத்தமான ஒலிக்காகவே இன்றும் ஸ்டூடியோக்களில் அதைத் தேடி வைத்துக்கொள்கிறார்கள். பழகும் பிள்ளைக்கு வால்வு இல்லை என்பது குறையே அன்று.


கேள்வி கேட்டவர்: பாளை வளவுக்காரர்

எர்த் வேலையை இந்த வாரமே முடித்துவிடுகிறோம். மைத்துனருக்கும் எழுதிவிட்டேன். செலவைக் கொஞ்சம் கூட்டி எட்டு அங்குல ஸ்பீக்கர் உள்ள மாடலிங் ஆம்பையே பார்க்கலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டோம். புதிதாக வாங்க முடியாவிட்டால் பழையது வாங்கலாமா? அதற்கு என்னென்ன பார்க்க வேண்டும்?


பதில்: வண்ணார்பேட்டை மைக்செட்

பழையது வாங்கலாம், ஆனால் நம் பக்கத்தில் ஒரு தனிக் கவனம் வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளின் கீழ்த்தளத்தில் தண்ணீர் நின்றது உங்களுக்குத் தெரியும். தண்ணீரில் கிடந்து, வெயிலில் காயவைத்துத் துடைத்த சாமான்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஆம்பின் பின்பக்கத் திருகாணிகளின் தலையைப் பாருங்கள்; துரு அங்கேதான் முதலில் தெரியும். பலகையின் அடிவிளிம்பு ஊதியிருக்கிறதா, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் நீர்க்கறை வளையம் இருக்கிறதா, உள்ளே மண் வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று இருந்தாலும் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அதன் பிறகு எதையும் செருகாமல் ஆம்பை ஓடவிட்டு, வால்யூமைப் பாதி வரை திருப்பிக் கேளுங்கள். மெல்லிய சீறல் இருப்பது இயல்பு. தடித்த உறுமல் இருந்தால் பவர் சப்ளையில் கபாசிட்டர் தளர்ந்திருக்கலாம். கிட்டாரைச் செருகி, ஜாக்கை லேசாக அசைத்துப் பாருங்கள். ஒலி விட்டுவிட்டு வந்தால் சாலிடர் விட்டிருக்கிறது, அது சிறிய வேலைதான், விலையைக் குறைத்துக் கேட்கலாம். அரை மணி நேரமாவது நிறுத்தாமல் ஓடவிடுங்கள். சில பழுதுகள் சூடேறிய பிறகுதான் தலைகாட்டும். விற்பவர் அவசரப்படுத்தினால் கிளம்பிவிடுங்கள்.

கேபிளில் மிச்சம் பிடிக்க வேண்டாம். கிட்டாருக்கு ஷீல்டு போட்ட இன்ஸ்ட்ருமென்ட் கேபிள்தான் வேண்டும். ஸ்பீக்கர் கேபிளும் அதே 6.35 மில்லிமீட்டர் ஜாக்கோடு வருவதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். அதைப் போட்டால் ஊரில் உள்ள இரைச்சல் எல்லாம் ஆம்புக்குள் வந்துவிடும். நீளம் மூன்று மீட்டர் போதும். கேபிள் நீள நீள ட்ரெபிள் குறையும்.

கடைக்குப் போகும்போது மகளையும் அவளுடைய கிட்டாரையும் கூட்டிப்போங்கள், அண்ணாச்சி. கடைக்காரர் தன் கிட்டாரில், தனக்குப் பிடித்த வால்யூமில் வாசித்துக் காட்டுவார். அது நன்றாகத்தான் இருக்கும். வால்யூமை உங்கள் பட்டாசல் டி.வி. அளவுக்கு இறக்கச் சொல்லி, மகளையே வாசிக்க விட்டு, பிறகு ஹெட்போனையும் செருகிக் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.